வியாழக்கிழமை ஒரு ரெண்டு மணி நேரம்

இல்ல இல்ல, பை கனமா இருக்கு, ரயிலு வர்ற வரைக்கும் நானே வெச்சுக்கறேன். நீ உக்காரு ஜீவிதா. பெஞ்சு சுத்தமாத்தான் இருக்கு, இப்பதான் துண்டால தொடச்சேன். நானு நிக்கறேன். ராத்திரி பூரா கம்பெனி வண்டி ஓட்டியே இடுப்பு போச்சு, நிக்கறதுதான் எனக்கு சொகம்.

வேதாவ நாந்தான் உங்கண்ணனோட அனுப்பிச்சேன். ஸ்கூலுக்கு ஷூ வாங்கணும்னா. சரி, மாமாவோட போய் வாங்கிகினு வான்னேன். மச்சான்னு வாய் நெறய கூப்ட்டேன், சுகுமார் என் மூஞ்சியப் பாக்கவே இல்ல, கவனிச்சியா? கோயில் வாசல்ல செருப்பத் தொலச்சவரு மாதிரி என் காலையே பாத்துட்டுப் போறாரு. பரவால்ல, அவரு கோவம் அவருக்கு. உங்கிட்ட தனியா அஞ்சு நிமிஷம் பேசணும், அதான். இந்தச் செங்கல்பட்டு வண்டி போனா அடுத்தது வராமயா பூடும்? தாம்பரத்துல வண்டிக்கா பஞ்சம்.

இன்னா விஷயம்னா, திங்கக்கிழமை கோர்ட்டு தொறக்குது. ஜட்ஜம்மா மொதல்ல உன்னத்தான் கேப்பாங்க. பாப்பா லீவுக்கு அப்பா வூட்ல இருந்தாளே, எப்பிடிம்மா இருந்துச்சுன்னு. போன தடவயே சொன்னாங்க இல்ல, இந்த லீவு நல்லபடியா போச்சுன்னா காலாண்டு லீவுக்கும் அனுப்பலாம், நடுவுல ஞாயித்துக்கிழமையும் பாத்துக்கலாம்னு. எல்லாம் அந்த ஒரு வார்த்தலதான் இருக்கு. நல்லா இருந்துச்சு மேடம். அவ்ளோதான். அத மட்டும் நீ சொல்லிட்டீன்னா நானு வேற எதுவும் கேக்க மாட்டேன். எங்க வக்கீலும் அதத்தான் சொல்றாரு. நீ பேசி ஒண்ணும் ஆவப் போறதில்ல கதிரேசா, அவங்க வாய்ல இருந்து வரணும்யான்றாரு.

அப்பால இன்னொண்ணு. வியாழக்கிழமை ஒரு ரெண்டு மணி நேரம் வேதாவ எங்கிட்ட அனுப்பேன். எதுக்கா? சொம்மாதான். நானே உங்க வூட்டாண்ட வந்து கூட்டிகினு போய், நானே கொண்டாந்து வுட்டுர்றேன். சாயங்காலம் இல்ல, காலைல. ஸ்கூலு தொறந்த வாரம்னு எனக்கும் தெரியும். மொத வாரத்துல இன்னா பாடமா நடத்தப் போறாங்க, புக்கு குடுப்பாங்க, பேர் எழுதச் சொல்லுவாங்க... சரி சரி, கோச்சுக்காத. அத அப்புறம் பேசலாம். மொறைக்காத, அப்புறம் பேசலாம்னுட்டேன் இல்ல.

நீ எப்பிடி இருந்த, அதச் சொல்லு. ஏற்காடு போனீங்களாமே எல்லாரும். வீடியோ கால்ல ஏரி, படகு எல்லாம் காட்டினியாமே, வேதா சொன்னா. அன்னிக்கு அவ போன வெச்சுட்டு ஒரு மணி நேரம் ஏற்காடாவே வரஞ்சிகினு இருந்தா. நீ கொஞ்சம் கறுத்துட்ட. ஐயோ, தப்பா சொல்லல. மூஞ்சி தெளிஞ்சிருக்கு, நல்லா தூங்கறவங்க மூஞ்சி மாதிரி. ஆரி ஒர்க் கிளாசுக்குப் போறியாமே? பிளவுஸ்ல ஒரு மயிலு போட்ட போட்டோவும் காட்டினா. கழுத்துப் பக்கம் நல்லா திரும்பி வந்திருக்கு. எனக்கு அதெல்லாம் தெரியாது, ஆனா மயிலு மயிலு மாதிரியே இருந்துச்சு. நம்ம வூட்ல இருந்தப்ப நீ இதெல்லாம் ஒண்ணும் செய்யல. செய்ய நானு எங்க வுட்டேன்? தையல் மிஷின் சத்தம் தலைல அடிக்குதுன்னு மூட்ட கட்டி பரண்ல ஏத்துனவனே நாந்தான். இப்ப போட்டுத் தெக்கிறியா? தெய்யி. தெய்யி. நெறய தெய்யி.

வேதா? அய்யே, அவளுக்கு இன்னா கொறச்சல்? ராணி மாதிரி இருந்தா. கேளு, சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன், அப்பதான் ஜட்ஜம்மா கேட்டா உனக்குச் சொல்ல வரும்.

வந்த மொத ஞாயித்துக்கிழம எனக்கு ஆஃப். வண்டலூர் ஜூவுக்குப் போனோம். வெயிலுன்னா வெயிலு, தாரு உருகற வெயிலு. அந்த வெள்ளப் புலி இருக்கு பாரு, அது நெழல்ல மல்லாந்து கெடக்குது. ஜனம்லாம் கை தட்டுது, விசிலடிக்குது, ஒருத்தன் அது முன்னாடி நின்னு ஆடறான், அது வாலக்கூட ஆட்டல. இவ என் சட்டயப் புடிச்சு இழுத்து, காதுகிட்ட வந்து கேக்கறா, அதுவும் நைட் ஷிஃப்டாப்பான்னு. சிரிச்சுட்டேன் ஜீவிதா. அத்தன பேரு நடுவுல உக்காந்து சிரிச்சேன். நானு சிரிச்சு எத்தினி நாளாச்சு தெரியுமா. சிரிச்சு முடிச்சுப் பாத்தா, அவ அந்த விசிலடிச்சவன்கிட்ட போய் நின்னுகினு இருக்கா. அண்ணா, அது தூங்குதுண்ணா, சத்தம் போடாதீங்கன்னு. அந்த ஆளு முழிக்கறான்.

நல்ல புள்ள இல்ல? நீ வளத்தது. நானு எதுவும் சொல்லித் தரல.

அப்பால கேரம் கத்துகினா. பக்கத்து வூட்டு ரோஸி அக்காதான் சொல்லிக் குடுத்தாங்க. தெரியும் இல்ல, மெப்ஸ் எக்ஸ்போர்ட்டு கம்பெனில டெய்லரிங் போறாங்களே, ஒத்தையா இருக்காங்களே, அவங்கதான். ராத்திரி நானு வண்டிக்குப் போறப்ப வேதா அவங்க வூட்லதான் படுத்துக்குவா. ஜட்ஜம்மா போட்ட ஆர்டருபடி, கரீட்டா. ஒரு நாளும் நைட்ல தனியா வுடல. சாயங்காலம் அக்கா வேலைல இருந்து வந்ததும் ரெண்டு பேரும் போர்டப் போட்டுகினு உக்காந்துருவாங்க. அக்காவ இவ ஜெயிக்கறா இப்ப. எப்பிடின்னா, பகல்லயும் ப்ராக்டிஸ் பண்ணுவா. தனியாத்தான், தனக்குத்தானே. காயி அடிக்கற சத்தம் கேக்கக் கூடாதுன்னு போர்டு மேல துண்டு விரிச்சு ஆடுவா. சிரிக்காத, துண்டு மேல காயி ஓடாதுன்னு எனக்கும் தெரியும். அதத்தான் அவகிட்ட கேட்டேன். ஓடலன்னா இன்னாப்பா, எங்க போவும்னு மனசுல பாத்துக்குவேன்றா. சாயங்காலம் துண்டு இல்லாம ஆடறப்ப அந்தக் காயி கரீட்டா அங்க போவுது. அக்கா மெரண்டு போய்ட்டாங்க.

டிவி பாத்தா. பாத்தா, இல்லன்னு சொல்லல. சத்தம் இல்லாம பாப்பா. அந்தப் பொம்பளைங்க வாய் அசையறத வெச்சு இன்னா பேசறாங்கன்னு இவளே ஒண்ணு ஜோடிச்சுக்குவா. சாயங்காலம் நானு எழுந்ததும் டீ குடிச்சிகினே கத கேப்பேன். மாமியாக்காரி மருமவள வெரட்டற சீனு, இவ சொல்றப்ப ரெண்டு பேரும் தோச மாவு புளிச்சுப் போச்சான்னு சண்ட போடறாங்க. ஒரிஜினல விட இதுதான் நல்லா இருக்குது, மெய்யாலுமே சொல்றேன். நானு ராத்திரில வண்டிய ஓரங்கட்டிட்டு பொஸ்தகம் படிப்பேன் இல்ல, இந்த ஒரு மாசமா ஒரு பக்கம் தொறக்கல. இவ சொன்ன கதயவே நெனச்சிகினு உக்காந்திருப்பேன்.

ஏரிக்கும் போனோம். செம்பாக்கம் ஏரில இன்னும் தண்ணி இருக்குது, ஒரு ஓரத்துல. பழய சைக்கிளு ஒண்ணு கெடச்சுது, பிரேக்கெல்லாம் மாத்திக் குடுத்தேன். சாயங்காலம் கரையில ஓட்டுவா, நானு பின்னாடி ஓடுவேன். மூணு நாள்ல கத்துகினா. சீட்டு அவளுக்கு ஒசரம், ஆனா எறக்க வுட மாட்டா. உன் ரோஷம்.

இன்னா கேக்கற? ஏன் மெதுவா பேசறாளா?

கவனிச்சுட்டியா. நீ வந்ததும் கட்டிப் புடிச்சுகினு காதுல ஏதோ சொன்னா, அதப் பாத்துக் கேக்கறியா? ரகசியம்லாம் இல்ல. பழகிப்போச்சு. ரெண்டு நாள்ல சரியாயிடும். தொண்டைக்கு ஒண்ணும் இல்ல. சும்மா இல்லாம நீ டாக்டரு கீக்டருன்னு... இல்ல, நானு எதுக்கு டாக்டரப் பத்திப் பேசறேன், தொண்ட நல்லா இருக்குன்னுதான் சொல்ல வந்தேன்.

அது இன்னான்னா, பகல்ல நானு தூங்குவேன் இல்ல. வூடு ஒரே ரூமு, நீ இருந்ததுதானே, உனக்குத் தெரியாதா. சன்னல்ல அட்டய ஒட்டி இருட்டு பண்ணி வெச்சிருக்கேன், அந்த அட்ட கூட நீ ஒட்டினதுதான். கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவுல நாலு தப்படி. அதுல ஒரு புள்ள பகல் பூரா இருக்கணும்னா குரல எறக்கித்தான் ஆவணும். நீயும் அப்பிடித்தானே இருந்த. கோர்ட்ல நீ சொன்னது எனக்கு மனப்பாடம். அவரு கெட்டவரு இல்ல மேடம், குடிக்க மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு, ஆனா பொழுது விடிஞ்சா வூட்ல ஆளு இல்ல மேடம், கட்டில்லதான் இருப்பாரு, ஆனா இல்லன்ன. ஜட்ஜம்மா பேனாவ கீழ வெச்சுட்டாங்க. நானும் தலய ஆட்டினேன். ஞாயமாத்தான் பட்டுது.

ரோஸி அக்கா பகல்ல வேலைக்குப் போயிடுவாங்கதான். அதத்தான் அன்னிக்கே நீ கேட்ட, பகல்ல யாரு பாத்துக்குவான்னு. நாந்தான் இருக்கேனே மேடம்னு நானு சொன்னேன். இருந்தேன். பொய் சொல்லல. இருந்தேன்.

நானு எழுந்து உக்காந்து அவளோட வெளயாட மாட்டேனா, எனக்கு ஆச இல்லயா? ராத்திரி சிறுசேரி ஐ.டி. கம்பெனில இருந்து நாலு பொண்ணுங்க என் வண்டில ஏறுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் வூடு ஒவ்வொரு மூல. ஏறினதும் காதுல வயர மாட்டிகினு தலய சாச்சுக்கும். நம்ம வேதா இன்னும் பத்துப் பன்னண்டு வருஷத்துல அப்பிடித்தானே இருப்பா. அதுங்க தூங்கணும்னா நானு முழிச்சிருக்கணும். நானு முழிச்சிருக்கணும்னா பகல்ல தூங்கியே ஆவணும். இதுல எத மாத்தறது சொல்லு.

இதயேதான் வேதாகிட்டயும் சொன்னேன். அவ வந்த புதுசுல ஒரு நாள் நடு மத்தியானம் எழுப்பிட்டா. ஊறுகா பாட்டில் மூடி தெறக்கல, அவ்ளோதான் விஷயம். தெறந்து குடுத்துட்டு படுத்தேன், தூக்கம் போயே போச்சு. அன்னிக்கு ராத்திரி கேளம்பாக்கம் ரோட்ல கண்ணு ஒரு செகண்டு சொக்கிடுச்சு. அண்ணான்னு ஒரு கத்து. பின்சீட்டுல ஒரு பொண்ணு, சின்மயின்னு பேரு, சேலையூர்ல எறங்கும். அது கத்தலன்னா லாரிக்கு அடியில பூந்திருப்போம். ஒண்ணும் ஆவல. வண்டிய ஓரங்கட்டி மூஞ்சி கழுவிகினு, அந்தப் பொண்ணு கைல கால்ல வுழுந்து, கம்பெனில சொல்லிடாதம்மான்னு... அத வுடு.

மறுநாள் வேதாவ எதுர்ல உக்கார வெச்சு சொன்னேன். திட்டல. பெரிய மனுஷிகிட்ட சொல்ற மாதிரி பக்குவமா சொன்னேன். பாருடா தங்கம், அப்பா பகல்ல தூங்கலன்னா ராத்திரி இந்த மாதிரி ஆயிடும், அந்த அக்காங்களுக்கு ஆபத்துன்னு. கேட்டுகினே இருந்தா. அந்த அக்கா பேரு இன்னாப்பான்னா. சொன்னேன். அன்னில இருந்து தெனமும் நானு வூட்டுக்குள்ள காலு வெச்சதும் மொதக் கேள்வி, சின்மயி அக்கா நல்லா போய்ச் சேந்துட்டாங்களாப்பா. அவ இன்னும் பாத்தது கூட இல்ல அந்தப் பொண்ண. எவ்ளோ பொறுப்பு பாரு, இந்த வயசுல.

ஏன் அப்பிடிப் பாக்கற?

ஒம்போது வயசுப் புள்ளகிட்ட சொல்ற பேச்சா? தப்புன்றியா? பின்ன யார்கிட்ட சொல்றது ஜீவிதா? வூட்ல அவதான இருந்தா. இல்ல, எதுக்கு இப்பிடிக் கத்தற... சரி. சரி. தப்புதான். சொல்லி இருக்கக் கூடாது. எனக்கும் தெரியும். எனக்கு உன்ன விட நல்லாத் தெரியும்.

அதுக்காக திங்கக்கிழம மாத்திச் சொல்லிடாத. மத்ததெல்லாம் நல்லாதானே இருந்துச்சு? ஜூ, சைக்கிளு, கேரம்மு, கத. பொய்யா ஜோடிக்கச் சொல்லல உன்ன. இருக்கறதுல நல்லத மட்டும் சொல்லு. உனக்கு அவள தெனமும் பாக்கலாம், காலைல எழுப்பலாம், சட போடலாம். எனக்கு இனிமே காலாண்டு லீவுதான். அதுவும் பூட்டுச்சுன்னா அந்த ரூம்ல எனக்கு இன்னா இருக்குது? அந்த அட்டய ஒட்டின சன்னலா?

வியாழக்கிழம மட்டும் ஒத்துக்க. ஒரே ஒரு தடவ. ரோஸி அக்கா பேரனுக்குப் பொறந்த நாளு, கேக்கு வெட்டறாங்க, வேதா வரணும்னு அக்கா ஆசப்படறாங்க... ஆமா, ஒத்தையா இருக்காங்கன்னு நாந்தான் சொன்னேன். பேரன் இருக்கக் கூடாதா? ஆவடில இருக்கான். காலைல ஒம்போது மணிக்கு எவன் கேக்கு வெட்டறான்னா, அது வந்து, அவனுக்கு... இல்ல, கண்ணு டெஸ்ட்டு பண்ணலாம்னும் ஒரு நெனப்பு. வேதாக்குத்தான். சத்தமில்லாத டிவிய உத்து உத்துப் பாத்தா இல்ல. ஒரு கேம்ப் போடறாங்களாம்.

நீ சிரிக்கற. எனக்குப் பொய் சொல்ல வராதுன்னு உனக்குத் தெரியும்.

தோ, பாலத்து மேல பாரு. பச்ச சுடிதாரு, அவதான். மாமா கையப் புடிச்சிகினு வரா. ஷூ டப்பாவ அவரு வாங்கப் பாக்கறாரு, குடுக்க மாட்டேன்றா. வண்டியும் சிக்னல்ல நிக்குது. அவ படி எறங்கறதுக்குள்ள சொல்லிர்றேன். பொறந்த நாளும் இல்ல, கண்ணு டெஸ்ட்டும் இல்ல. வியாழக்கிழமை அவளுக்கு ஒரு ஊசி போடணும். மூணு போட்டாச்சு, இது கடைசி. தேதி தவறக் கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிஷனா சொல்லிட்டாங்க. நாய்க்கடி ஊசி.

கத்தாத. அவ பாத்துகினே வரா. உக்காரு ஜீவிதா, உக்காரு. காலுல, பின்னாடி ஆடுசதைல. ஆறிடுச்சு. நடக்கறா பாரு, நொண்டல. அந்த நாயும் நல்லாத்தான் இருக்குது. பத்து நாளு நாயப் பாத்துக்கங்க, அது செத்துச்சுன்னா ஓடி வாங்கன்னாங்க. பத்து நாளு முடிஞ்சும் நானு பாத்துகினுதான் இருக்கேன். மாடிப்படிக்குக் கீழ குட்டி போட்டிருக்குது. அதுக்குப் பாலு, பன்னு, பிஸ்கட்டு, எல்லாம் நாந்தான் வெக்கறேன். அது நல்லா இருக்கணும்னு நானு சாமி கும்பிட்டது அந்த நாய்க்குத் தெரிஞ்சா கூச்சப்பட்டுக்கும்.

எப்பிடியா? நானு தூங்கிகினு இருந்தேன். வேற எப்பிடி. அந்த ரோட்டு விஷயத்தச் சொன்னேனே, அதுக்கு அடுத்த அடுத்த நாளு. மத்தியானம் அவளுக்கு இருமல் வந்துச்சாம். உள்ள இருமினா நானு முழிச்சுக்குவேன்னு, கீழ போய் இருமிட்டு வரலாம்னு எறங்கி இருக்கா. படிக்குக் கீழ நின்னு இருமினா. குட்டி போட்ட நாயி, அதுக்கு இன்னா தெரியும்.

மேல வந்தவ எழுப்பல. கொழாய கொஞ்சமா தெறந்து, சத்தம் வராம சோப்பு போட்டுக் கழுவிகினு இருக்கா. ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்களாம். அது ஒண்ணு நல்லதாப் போச்சுன்னு டாக்டரம்மா கூட சொன்னாங்க. அப்பால என் துண்ட எடுத்து கால்ல கட்டிகினு, கட்டிலாண்ட தரையில உக்காந்துகினா. அலாரம் அடிச்சு நானு கண்ணத் தொறக்கறப்ப பொழுது சாஞ்சு போச்சு. மொதல்ல அவ இன்னா கேட்டா தெரியுமா? நல்லா தூங்கினியாப்பா. தூங்கினேன்டான்னேன். அதுக்கப்புறம்தான், ஒண்ணும் இல்லப்பா, ஒரு நாய் கடிச்சிடுச்சின்னா.

தூக்கிகினு ஓடினேன். செருப்பு கூட போடல. எப்பக் கடிச்சுதுன்னு டாக்டரம்மா கேட்டாங்க. இப்பதான்னுட்டேன். வேதா பக்கத்துல நின்னுகினு இருந்தா, என்னக் காட்டிக் குடுக்கல.

உங்கிட்ட சொல்ல வேணாம்னு நானு அவகிட்ட சொல்லல. சத்தியமா சொல்லல. அவளே சொன்னா, அம்மா ஊருக்குப் போயிருக்காங்க, பயந்துக்குவாங்க பாவம்னு. சொல்லுடின்னும் நானு சொல்லல. அதுதான் நானு பண்ணினது.

அதுக்கப்புறம் நானு பகல்ல தூங்கல, சாயங்காலம் அவ அக்காவோட ஆடறப்ப கொஞ்சம் கண்ணசருவேன், அவ்ளோதான். வண்டியும் ஒரு வாரம் எடுக்கல, அப்பால பகல் ட்ரிப்பு மாத்திக் கேட்டேன், இல்லன்னுட்டாங்க, ராத்திரிக்கே திரும்பப் போனேன். ஆனா கண்ண மூடிகினு படுத்திருப்பேன். எழுந்து உக்காந்தா அவளுக்கு பேஜாராயிடும், என்னாலதான் அப்பாக்குத் தூக்கம் வரலன்னு நெனச்சுக்குவா. அதனால மூச்ச நீட்டி நீட்டி வுட்டுகினு படுத்திருப்பேன். அவ துண்டு மேல கேரம் ஆடுவா, டிவில வாய் அசையறதப் பாப்பா. அப்பப்ப எழுந்து வந்து என் மூஞ்சிகிட்ட குனிஞ்சு பாத்துட்டுப் போவா. நல்லா தூங்கறேன்னு அவளுக்கு அப்பிடி ஒரு நிம்மதி.

திங்கக்கிழம நீ இன்னா சொல்லணுமோ சொல்லு. நல்லா இருந்துச்சுன்னு சொல்ல வேணாம். நானு கேக்கல. கேட்டத மறந்துடு.

அழுதுகினு இருக்காத, கண்ணத் தொடச்சுக்க, வந்துட்டா. வியாழக்கிழம காலைலயே போயிடு, பதினொண்ணுக்கு மேல ஓபில ஊசி போட மாட்டாங்க. எந்த கவர்மென்ட் ஆஸ்பத்திரின்னாலும் போடுவாங்க, மூணு ஆச்சுன்னு சொல்லு போதும். நானே கூட்டிகினு போவலாம்னுதான் உங்கிட்ட இவ்ளோ நேரம் கெஞ்சிகினு இருந்தேன். வேணாம். மொத நாளு கடிச்ச எடத்தச் சுத்தியே குத்தினாங்க, பெரிய ஆம்பளைங்கல்லாம் பக்கத்துல அலறிகினு இருக்கானுங்க. நர்ஸம்மா சொல்றாங்க, வலிச்சா கத்து பாப்பா, யாரும் திட்ட மாட்டாங்கன்னு. இவ திரும்பி என் மூஞ்சியப் பாத்தா. பாத்துட்டு, ஒதட்டக் கடிச்சுகினா.

நீ கூட்டிகினு போ ஜீவிதா. எங்கூட வந்தா அவ கத்த மாட்டா.